கோழி இறகுதான் எங்களுக்கு வாத்தியார்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வாழ்த்து அட்டை தயாரிக்கும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன வருஷம் எங்க குழுவில் உள்கடன் வாங்கி, இறகுப் படம் போட்ட வாழ்த்து அட்டை 200 செய்தோம். கடைக்காரர் பாதிக்கு மேல் திருப்பிட்டார். "இது இறகா, வேப்பிலையாம்மா?" என்று கேட்டார். அழுகையே வந்தது. ஆனா அவர் கேட்டது நியாயம்தான். நாங்க இறகைப் பார்க்காமலே வரைந்திருந்தோம்.

அப்புறம்தான் முற்றத்தில் கிடந்த கோழி இறகை சோப்புத் தண்ணியில் கழுவி, காயவைத்து, உற்றுப் பார்த்தோம். நடுத்தண்டு அடியில் தடிமன், நுனியில் மெல்லிசு. லேசா வளைஞ்சும் இருக்கு. சிறகு இறகு என்றால் தண்டுக்கு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். இழைகள் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கு. அங்கங்கே பிரிந்து சந்து விட்டிருக்கு. அடியில் பஞ்சு. ரெண்டு பக்கமும் சமமா வரைந்தால் அது இலைதான்!

இப்போ வாட்டர் கலரில் நாங்க செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில், 300 ஜி.எஸ்.எம். தாள் வாங்குங்க. மெல்லிய தாள் ஈரத்தில் சுருங்கிடும். பென்சிலால் அழுத்தாமல் வரையணும். வெள்ளை பெயின்ட் வேண்டாம். தாளின் வெள்ளைதான் நமக்கு வெள்ளை. அதனால் தண்டையும் சந்துகளையும் வண்ணம் படாமல் விட்டுடணும்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் வெறும் தண்ணி தடவி, ஈரத்திலேயே இளம் வண்ணம் விடுங்க. காய்ந்ததும் மறுபக்கம். அவசரப்பட்டால் ரெண்டும் கலந்து சேறாகிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, முடியைப் பிரித்து, தண்டிலிருந்து வெளிப்பக்கமா இழுங்க. இழை தானா வரும். எல்லா இழையையும் போட வேண்டாம், சிலது போதும். அடிப்பஞ்சுக்கு ஈரத்தாளில் வண்ணத்தைத் தொட்டு வைத்தால் அதுவே பரவும்.

காக்கை இறகுக்கு வெறும் கறுப்பு பூசினால் கரிக்கட்டை மாதிரி இருக்கும். அடர்நீலமும் பழுப்பும் கலந்தால் உயிர் வரும்.

இந்தத் தடவை 40 அட்டைதான் செய்தோம். அதே கடைக்காரர் அத்தனையும் எடுத்துக்கிட்டார். கடன் இன்னும் பாக்கி இருக்கு; அடைச்சிடுவோம் என்ற தைரியமும் இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு இறகு கொண்டு வாங்க, சேர்ந்து வரைவோம். தானா உதிர்ந்ததா இருக்கட்டும். செத்த பறவையைத் தொட வேண்டாம்.