வேலிக்கு வந்த வண்டு

நீலகிரியில் உதகமண்டலத்தைச் சுற்றிய மேட்டுநிலங்களில், உடலெல்லாம் முள்ளும் முள்ளிடையெல்லாம் மஞ்சள் பூவுமாக அடர்ந்து நிற்கும் ஒரு புதரை உங்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அச்செடிக்குக் கோர்ஸ் என்று பெயர். அவரையும் பயறும் பிறந்த குலத்திலேதான் அதுவும் பிறந்தது. நியூசிலாந்தில் குடியேறியபோதும், மந்தைகளுக்கு வேலியாகட்டுமென்று அவர்கள் அதைக் கொண்டுபோனார்கள். 1835-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற சார்லஸ் டார்வின், வைமாத்தே என்னுமிடத்தில் அது வேலியாக நின்றதைக் குறித்து வைத்திருக்கிறார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்போமே, அது அங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது. வெயிலில் காய் வெடித்து வித்து நாலாபக்கமும் தெறிக்க, தெறித்தவை பல்லாண்டுகள் மண்ணில் உயிரோடு கிடந்து முளைக்க, மேய்ச்சல் நிலமெல்லாம் முட்காடாயிற்று. ஆயினும் வேலியை இழக்கக் குடியானவர்களுக்கு மனமில்லை. செடி இருக்கவேண்டும், வித்து மட்டும் அழியவேண்டும் என்ற அந்த விசித்திரமான நிபந்தனைக்கு உட்பட்டு, இங்கிலாந்திலிருந்து தருவித்து 1931-இல் அங்கே விடப்பட்ட பிராணிதான் கோர்ஸ் மூக்குவண்டு.

சாம்பல் நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், அந்த அற்ப சரீரத்துக்கு யானையின் துதிக்கைபோல் ஒரு மூக்கு, அதன் நுனியில் தாடை. வசந்தகாலத்தில் பெண்வண்டு இளங்காயைத் துளைத்து உள்ளே முட்டையிட, புழு வித்தைத் தின்று கொழுத்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அங்கேயே வண்டாகி, காய் வெடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும். வித்தைத் தூவுவதற்கென்று செடி சேமித்து வைத்த விசையே, அவ்வித்தைத் தின்று தீர்த்தவனையும் வெளியுலகத்துக்கு வீசியெறிகிறது! இதைவிடப் பெரிய உபசாரத்தை எந்த விருந்தாளியும் பெற்றிருக்கமாட்டான்.

வண்டு தன் வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் அதற்கு ஆண்டுக்கு ஒரே பருவந்தான். செடியோ அந்நாட்டின் பல பகுதிகளில் இலையுதிர் காலத்திலும் காய்த்து, இரண்டு போகம் காண்கிறது. இரண்டாம் போகத்து வித்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. தண்டையும் வேரையும் தின்னும் பூச்சியைத் தேடாமல் வேலிமேல் வைத்த ஆசையே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். வண்டைக் குறைசொல்வது தர்மமன்று. மிச்ச வித்தைத் தின்பதற்காக 1992-இல் ஓர் அந்துப்பூச்சியையும் அங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

இதற்கிடையில், நியூசிலாந்தின் பாங்ஸ் தீபகற்பத்திலுள்ள ஹினெவாய் என்னும் இயற்கைக் காப்பகத்தில், கோர்ஸை வெட்டாமலும் கொளுத்தாமலும் விட்டுவைத்தார்கள். அதன் மறைவிலேயே சுதேச மரங்கள் முளைத்து ஓங்கி, வெயிலை மறைத்து, அதை மடியச் செய்துகொண்டிருக்கின்றன.