எந்த மென்பொருள் சிறந்தது?



எங்கள் தம்மம்பட்டியின் மரச்சிற்பிகளிடம், "எந்த உளி சிறந்தது?" என்று வினவினால், "எந்த வேலைக்கு?" என்றே திருப்பிக் கேட்பர். மரத்தைக் கழிப்பதற்கு ஓர் உளி. கண் திறப்பதற்கு வேறோர் உளி. இயற்பியல் நிகழ்ச்சிகளைக் கணிப்பொறிக்குள் நடத்திக் காட்டும் மென்பொருள்களுக்கும் இதுவே நெறி.

ஐதராபாத்தில் பிறந்த அனீசூர் ரகுமான், 1964ஆம் ஆண்டில் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, நீர்ம ஆர்கானின் இயல்பை ஆராய்ந்தார். அவ்வழியில் வந்தவையே குரோமாக்ஸ், லாம்ப்ஸ் என்னும் மென்பொருள்கள். முன்னது புரதம் போன்ற உயிர் மூலக்கூறுகளுக்கும், பின்னது உலோகம் முதலிய பொருள்களுக்கும் மிகுதியாகப் பயன்படுகின்றன. துகள்கள் இரும்பை ஊடுருவுவதை அறியவோ ஜியன்ட்-4 வேண்டும். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் இரும்புக் கருவியை அறிஞர்கள் அதனைக் கொண்டே கணித்துப் பார்த்தனர்.

இம்மூன்றின் மூலநிரலையும் எவரும் படிக்கலாம். விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் அளித்ததில்லை. வழியையும் காட்டச் சொல்வேன். மூடிய நிரல் விடையை மட்டும் தரும். திறந்த நிரல் வழியையும் காட்டும்.

ஆயினும், திறந்திருப்பதனாலேயே ஒரு நிரல் பிழையற்றதாகிவிடாது. விடை தெரிந்த கணக்கொன்றை முதலில் கொடுத்துச் சோதியுங்கள். உராய்வற்ற ஊசலின் மொத்த ஆற்றல் மாறாதிருத்தல் வேண்டும். கணிப்பொறியில் அது வளர்ந்துகொண்டே போகுமாயின், கணக்கிடும் முறையில் குறையுண்டு. வண்ணப் படத்தில் மயங்கி அக்குறையைக் காணாதவன், இல்லாத ஒன்றை இயற்கையின் விதியென்று உலகுக்கு உரைத்துவிடுவான். கருவியைச் சோதித்த பின்னரே அதன் சொல்லை நம்புங்கள்.