கேள்வி ஞானமும் ஒரு பழைய கிற்றாரும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இச்சபைக்குச் சிறிது புதுமையாகத் தோன்றலாம். இலண்டன் மாநகரிலே 1966 ஆம் ஆண்டுக்கும் 1970 ஆம் ஆண்டுக்கும் இடையில் ஓர் இளைஞர் மின்கிற்றாரில் எழுப்பிய நாதத்தை, அவருடைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டே மீண்டும் உண்டாக்க நாமும் நமது அறைத்தோழரும் முயன்ற கதை அது. வெற்றி பெற்ற கதை என்று எண்ணி ஏமாற வேண்டாம். நாம் எங்கே தவறினோம் என்பதைச் சொல்லவே இங்கு வந்து நிற்கின்றோம்.

நாம் படித்தது ஒரு மிசன் பாடசாலையில். அங்கே பாடற்குழுவிற் சேர்ந்தவர்களுக்கு ஏட்டில் எழுதப்பட்ட சுரத்தைப் பார்த்துப் பாடும் பழக்கத்தை நன்றாகக் கற்பித்தார்கள். பக்கத்தில் நிற்பவன் பாடுவதைக் கேட்டுப் பாடினால், "ஏட்டைப் பார்" என்று ஓர் அதட்டல் வரும். வீட்டுக்கு வந்து மாலையிற் கோயிலுக்குப் போனால், அங்கே பண்ணிசை பாடுவோர் முன் சுர ஏடு எதுவும் இல்லை. ஆசிரியர் பாட, மாணாக்கர் கேட்டுத் திரும்பப் பாடுவர். நம்மவர் இதற்குக் கேள்வி ஞானம் என்று அழகான பெயர் வைத்திருக்கின்றார்கள். ஆனால், "அவருக்கு முறையான பாடம் இல்லை, வெறும் கேள்வி ஞானந்தான்" என்று அதே சொல்லைக் குறைத்துப் பேசுவதும் உண்டு. அது குறைவான ஞானந்தானா என்ற ஐயம் சிறு வயது முதல் நமக்கு இருந்து வந்தது. அதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது.

நாம் குறிப்பிட்ட அந்த இளைஞர் பெயர் பீற்றர் கிறீன். 1946 இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அவரை ஈர்த்த புளூஸ் இசையோ அவருடைய ஊரில் விளைந்ததன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைத் தளையிலிருந்து விடுபட்டும் வறுமைத் தளையிலிருந்து விடுபடாத கறுப்பின மக்களிடையே பிறந்தது அது. மிசிசிப்பிச் சமவெளியிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சிக்காகோவுக்குச் சென்றவர்களோடு அதுவும் சென்று மின்கிற்றாரில் ஏறிற்று. அங்கிருந்து இசைத்தட்டுகளாகக் கடல் கடந்து இலண்டன் இளைஞர் கைக்கு வந்தது. அவர்களுட் பெரும்பாலோர்க்கு இதற்கென ஆசிரியர் இல்லை. இசைத்தட்டே ஆசிரியராயிற்று. அக்காலத்து இசைத்தட்டுப் பொறிகள் பலவற்றில் நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்றொரு வேகமும் உண்டு. 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டை அதில் ஓட்டினால் இசை பாதி வேகத்தில், சரியாக ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். விரைந்தோடும் சுரங்களைப் பிடித்துக்கொள்ள அது நல்ல உபாயம்.

1966 இல் ஜோன் மேயோல் என்பாரின் 'புளூஸ்பிறேக்கர்ஸ்' குழுவிலிருந்து எரிக் கிளப்ரன் விலக, அவர் இடத்துக்குக் கிறீன் வந்தார். கிளப்ரன் அக்குழுவோடு வாசித்த இசைத்தட்டு அவ்வாண்டு யூலையில் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. கிப்சன் கம்பனியாரின் 'லெஸ் போல்' கிற்றாரை மார்ஷல் அம்பிளிபயரில் இணைத்து, ஒலிப்பதிவாளர் முகம் சுளித்தும் கேளாமல், மேடையில் வாசிக்கும் அதே உரத்த ஒலியில் அவர் வாசித்தார். வால்வு அம்பிளிபயரை அதன் எல்லைக்கு மேல் உந்தினால் அலையின் உச்சி மழுங்கும். புதிய மேற்றொனிகள் பிறக்கும். சுரம் உடனே மங்காது நீண்டு நிற்கும். அந்த இடத்துக்கு வருவது இருபது வயதும் நிரம்பாத ஒருவருக்கு எளிதான காரியமா? கிறீன் வந்து, 1967 பெப்ரவரியில் வெளியான 'எ ஹாட் றோட்' என்ற தட்டில் 'த சூப்பர்நச்சுறல்' என்னும் வாத்திய இசையைத் தந்தார். அதே ஆண்டில் 'பிளீற்வுட் மக்' குழுவைத் தொடங்கினார். 1968 இல் வெளிவந்த அவருடைய 'அல்பற்றொஸ்' அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1970 இல் குழுவை விட்டு நீங்கினார். பின்னர் மனநோயால் நெடுங்காலம் துன்புற்றார். 1990 களில் மீண்டும் மேடைக்கு வந்து, 2020 யூலையில் தமது 73 ஆம் வயதில் மறைந்தார்.

இவருடைய நாதத்தை முதன்முதற் கேட்ட இரவு நாம் உறங்கவில்லை. துன்பத்தைச் சொல்கின்ற குரல். ஆனால் உரத்து முறையிடாத குரல். அதனை நமது கைகளால் எழுப்ப வேண்டும் என்ற ஆசை பற்றிக்கொண்டது.

ஆசை வந்தவுடன் செய்த முதற் காரியத்தை வெட்கத்தோடு சொல்கின்றோம். புத்தகம் வாங்குவதற்கென்று தந்தையார் அனுப்பிய 18,000 ரூபாவைக் கொடுத்து, ஒலியை முறுக்கித் தரும் மிதிபெட்டி ஒன்றை வாங்கினோம். அது இரைந்தது, கிறீனைப் போல ஒரு சுரமேனும் ஒலிக்கவில்லை. தந்தையாரிடம் இதனை இன்னும் கூறவில்லை. இம்மலர் அவர் கைக்குப் போகுமுன் கூறிவிட வேண்டும்.

பொறியியற்பீட மாணவரான நமது தோழர், "பெட்டியில் அன்று, கிற்றாருக்குள்ளேதான் இரகசியம் இருக்கிறது" என்றார். அது உண்மையில் ஆதாரமுள்ள பேச்சு. கிறீனின் கிற்றார் 1959 ஆம் ஆண்டின் லெஸ் போல். அதில் இரண்டு பிக்கப்புகள் உண்டு. காந்தமும் கம்பிச்சுருளுங் கொண்டு, தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றுவது பிக்கப்பின் தொழில். கிறீனின் கிற்றாரில், கழுத்தை அண்டிய பிக்கப்பின் காந்தம் முனைவு மாறி இருந்தது. தொழிற்சாலையில் நேர்ந்ததா, பழுது பார்த்தவர் கையில் நேர்ந்ததா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பிக்கப் திசை திருப்பிப் பூட்டப்பட்டிருப்பதும் படங்களில் தெரியும். ஆனால் திருப்பிப் பூட்டுவதால் மட்டும் அந்த ஓசை வராது. காந்தம் மாறினால்தான் வரும்.

காரணம் இதுதான். இரண்டு பிக்கப்புகளையும் ஒன்றாக இயக்கும்போது, முனைவு மாறியதன் மின்சைகை மற்றதற்கு எதிரவத்தையில் நிற்கின்றது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்ற தாழ்ந்த மீடிறன்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேற்றொனிகள் தந்தியின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அளவில் இருத்தலால் தப்பி நிற்கின்றன. ஆகவே மெலிந்த, மூக்கால் பேசுவது போன்ற, உட்குடைந்த ஓர் ஓசை பிறக்கின்றது. ஒரு பிக்கப்பின் ஒலியைச் சிறிது குறைத்தால் அழிவு குறைந்து ஓசை கனக்கும். ஒரு பிக்கப்பை மட்டும் இயக்கினால் இந்த விந்தை ஏதும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், பழைய கடையில் வாங்கிய நமது மலிவுக் கிற்றாரைப் பிரித்து, பற்றாசுக் கோலால் பிக்கப்பின் மூடியைக் கழற்றி, காந்தத்தை உருவித் திருப்பிப் போட்டோம். அரை மணி நேர வேலை. மூக்கொலி அப்படியே வந்துவிட்டது. தோழர் துள்ளிக் குதித்தார். பின்னர் கிறீனின் ஒரு சொற்ப வரியை வாசித்துப் பதிவோடு ஒப்பிட்டோம். ஓசை கிட்ட நின்றது. இசை எட்டவே நின்றது.

"நமது கிற்றார் மலிவு. அவருடைய கிற்றாரே கிடைத்தால் வந்துவிடும்" என்றார் தோழர். இந்தக் கட்சிக்கும் உலகில் விடை கிடைத்திருக்கின்றது. 1970 களின் தொடக்கத்தில் கிறீன் அந்தக் கிற்றாரையே கேரி மூர் என்ற அயர்லாந்து இளைஞருக்கு விற்றார். மூர் கிறீனைத் தம் குருவாகவே மதித்தவர். 1995 இல், கிறீனின் பாடல்களையே எடுத்து அதே கிற்றாரில் வாசித்து, 'புளூஸ் போர் கிறீனி' என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். காந்தமும் அதுவே, மரமும் அதுவே, பாடலும் அதுவே, அன்பிலும் குறைவில்லை. ஆயினும் சில சுரங்களிலேயே இது மூர் என்று அறிந்துகொள்ளலாம். இப்போது அக்கிற்றார் மெற்றலிக்கா குழுவின் கேர்க் ஹமற்றிடம் இருக்கின்றது. அவர் கையில் அது ஹமற்றாகப் பேசுகின்றது. அப்படியானால் கிறீன் எங்கே இருந்தார்?

விடுமுறைக்குத் தோழரின் வீட்டுக்குப் போயிருந்தபோது இதற்கு வழி திறந்தது. கோயிலிலே தேவாரம் பாடுகின்ற அவருடைய பெரியம்மா ஒருவர் அங்கே இருந்தார். கிறீனின் பதிவையும் நமது வாசிப்பையும் மாறி மாறி மூன்று நாள் சகித்துக்கொண்டவர், நாலாம் நாள் அடுக்களை வாசலில் நின்று சொன்னார்:

"தம்பிமார், அந்தாள் மூச்செடுத்து மூச்செடுத்து வாசிக்குது. நீங்கள் மூச்சே எடுக்கிறியள் இல்லை."

நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல மாதங்களாகச் சுரத்தின் நிறத்தையே கேட்டிருந்தோம். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இருந்ததைக் கேட்கவே இல்லை.

அன்று முதல் கிற்றாரைச் சுவரிற் சாத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஒரு வரி. முதலில் அதனை வாயாற் பாட வேண்டும். பாட வராத வரியைக் கையில் எடுக்கலாகாது என்று விதி வைத்தோம். இக்காலத்தில் சுருதி இறங்காமலே வேகத்தைக் குறைக்கும் வசதி கணினியில் உண்டு, அதனையும் பயன்படுத்தினோம். ஒருவர் வாசிக்க மற்றவர் கண்ணை மூடிக் கேட்டார். கண் திறந்திருந்தால் காது கண்ணை நம்பிவிடுகின்றது. இரண்டையும் ஒரே அளவு உரப்பில் வைத்தே ஒப்பிட்டோம். உரத்தது எதுவோ அதுவே நல்லதென்று மனம் ஏமாறுகின்றது.

அப்போது கேட்டவை பல. கிறீன் பாடகர், அவருடைய கிற்றார், பாடி முடித்த வரிக்கு மறுமொழி கூறுவது போல வருகின்றது. மறுமொழி கூறுபவன் சற்றுத் தாமதித்தே கூறுவான். தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்தும்போது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவர் உடனே போவதில்லை. மேற்கத்தியர் இசையேட்டிற் கோடில்லாத ஓரிடத்தில் ஒரு கணம் தங்குகின்றார். சுரத்தின் அசைவு தொடக்கத்திலேயே வருவதில்லை. சுரம் ஊன்றிய பின்னரே வருகின்றது. ஒரே சுரத்தை மெல்லத் தொட்டால் தெளிந்தும், அழுத்தித் தொட்டால் சிறிது உடைந்தும் அம்பிளிபயர் பேசுகின்றது. நமது மிதிபெட்டி மெல்லியதையும் வல்லியதையும் ஒரே இரைச்சலாக்கி அந்த வேறுபாட்டையே விழுங்கிவிட்டிருந்தது. பெட்டியைக் கழற்றிப் பரணில் வைத்தோம்.

இவற்றையெல்லாம் கேட்ட பின் கிறீன் நமது கையில் வந்தாரா? இல்லை. ஆனால் வராமற் போனதற்காக வருந்தவும் இல்லை. அதற்கு ஒரு வரலாறு சான்று கூறும். கிறீனுக்கும் கிளப்ரனுக்கும் முன்னோடியாகிய பி. பி. கிங், தம் உறவினராகிய புக்கா வைற் தந்தியின்மேல் உலோகத்தை வழுக்கி வாசிப்பதைக் கேட்டு மயங்கியவர். அவ்விதம் வாசிக்கக் கிங்குக்குக் கை வரவில்லை. ஆகவே விரலை நடுக்கி அந்த ஓசையை ஒருவாறு பெற முயன்றார். அந்த முயற்சியிலிருந்தே, உலகம் போற்றும் அவருடைய சுர அசைவு பிறந்தது. பெரியவர் ஒருவரைக் காதாற் பின்பற்றி, அவரை எட்டாத இடத்திலேதான் கிங் தம்மைக் கண்டார். கிங்கைக் கேட்டுக் கிறீன் வளர்ந்தார். கிறீனைக் கேட்டு மூர் வளர்ந்தார். இவர்களுள் எவரும் மற்றவராகிவிடவில்லை.

ஆதலால், கேள்வி ஞானம் குறைவான ஞானமா என்று சிறு வயதிலே தோன்றிய ஐயத்துக்கு இப்போது விடை கூறலாம். ஏட்டறிவை நாம் இகழவில்லை. மீடிறனும் அவத்தையும் படித்திராவிட்டால் அந்தக் காந்தத்தின் மாயத்தை அறிந்திருக்க மாட்டோம். ஆனால் காந்தம் அரை மணி நேரத்திற் கைவந்தது. கேட்பது இன்னும் கைவரவில்லை. விலை கொடுத்து வாங்கக்கூடியதை முதலில் வாங்கிவிட்டு, வாங்க முடியாததைக் கடைசியிலே தேடினோம். இளைஞராகிய நாம் இசையில் மாத்திரமன்றி வேறு பலவற்றிலும் இவ்வாறே செய்கின்றோமோ என்று அஞ்சுகின்றோம்.

கிற்றார் இப்போது நமது விடுதி அறையில் இருக்கின்றது. கிறீனின் அந்த ஒரு வரியை மாலைதோறும் வாசித்து வருகின்றோம். அடுத்த விடுமுறையில் பெரியம்மாவின் முன்னிலையில் மீண்டும் வாசிப்பதாக இருக்கின்றோம். அவர் அடுக்களையை விட்டு வெளியே வந்து இருந்து கேட்டால், அதுவே எமக்குப் போதும்.