தாய்ப்பால் மிகும்போது



பிள்ளை பெற்றவளுக்குப் பால் போதவில்லையே என்று கவலைப்படுவோரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அதற்கெனப் பூண்டும் சுறாப்புட்டும் பக்குவம் செய்து கொடுக்கும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் உண்டு. ஆனால் பால் மிகுந்து, அந்த மிகுதியே தாய்க்கு வேதனையாகவும் குழந்தைக்குத் தடையாகவும் வந்து நிற்பதும் உண்டு. இதைப்பற்றிப் பேசுவோர் குறைவு. கூச்சம் ஒரு காரணம். பால் மிகுந்திருப்பது பாக்கியந்தானே, இதில் முறையிட என்ன இருக்கிறது என்னும் எண்ணம் மற்றொரு காரணம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

வயது முதிர்ந்த ஓர் ஆண்மகன், அதிலும் பள்ளிக்கூடத்தில் காலங்கழித்தவன், இதைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளை பெற்ற வீட்டில் எதைச் செய்வது, எதை விலக்குவது என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே. புட்டியும் பால்மாவும் வாங்கிவரக் கடைக்குப் போகிறவரும் அநேகமாக ஓர் ஆண்மகனே. ஆகையால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கும் உண்டு.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பிரசவமானவுடன் சுரப்பது சீம்பால். அது அளவில் சிறிது. பிறந்த குழந்தையின் இரைப்பையும் சிறிதாகையால் அதுவே போதும். கருவுற்றிருக்கும் காலத்தில் பால் பெருகாதபடி அடக்கிவைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் அது விரைவாகக் குறைந்துவிடுகிறது. தடை நீங்கவே, புரோலாக்டின் என்னும் மற்றொரு ஹார்மோனின் தூண்டுதலால், பெரும்பாலான தாய்மார்களுக்கு 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் பால் பெருகுகிறது. அவ்வேளையில் பாலோடு இரத்த ஓட்டமும் மிகுந்து, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. மார்பு கனத்து, இறுகி, சூடேறி வீங்குகிறது. இதையே பால் கட்டிக்கொண்டது என்கிறோம்.

என் இளைய மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, 4ஆம் நாள் இரவு முழுவதும் குழந்தை அழுதது. மார்பில் வாய் வைப்பதும், வழுக்கி விழுவதும், மறுபடி வீறிடுவதுமாக இருந்தது. பால் இல்லை போலிருக்கிறது, புட்டிப்பால் கொடுத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். காலையில் வந்த கிராம சுகாதாரச் செவிலியர் மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “பாலில்லாமல் அழவில்லை ஐயா. பால் மிகுந்து, பற்ற இடமில்லாமல் அழுகிறது.”

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குழந்தை காம்பை மட்டும் பற்றிப் பால் குடிப்பதில்லை; காம்பைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பற்றியே குடிக்கிறது. ஊதிய பந்துபோல் அவ்விடம் இறுகிவிட்டால் சிறுவாய் எப்படிப் பற்றும்? பசியால் குழந்தை அழுகிறது. வெளியேறாத பாலால் தாய் துடிக்கிறாள். அந்த நேரத்தில் வீட்டார் புட்டியைக் கொண்டுவந்தால், குழந்தையின் வயிறு நிறையும். தாயின் கட்டு மேலும் இறுகும். பால் வெளியேறாமலே தங்கினால் சுரப்பும் நாளடைவில் ஒடுங்கிவிடும். இவ்வாறு பால் நிறைந்திருந்த தாய், பாலற்றவளாக ஆக்கப்படுகிறாள்.

செவிலியர் செய்துகாட்டிய முறை எளியது. தாய் தன் விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, மார்புக்கூட்டை நோக்கி மெதுவாக, வலியில்லாமல், ஒரு நிமிடம் போல அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கோத்திருந்த நீர் பின்வாங்கி அவ்விடம் குழைந்துகொடுக்கிறது. அதன்பின் கையால் சிறிது பாலைப் பீய்ச்சிவிட்டால் குழந்தை பற்றிக்கொள்கிறது. அன்று எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. கடைக்குப் போகும் வேலை எனக்கு இல்லாமற் போயிற்று.

அதற்குப்பின் செய்யவேண்டியவை சில. கேட்கும்போதெல்லாம், இரவென்றும் பகலென்றும் பாராமல், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை வரை பால் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணியை வைத்துக்கொண்டால் பால் இறங்க எளிதாகும். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை, அல்லது துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10, 15 நிமிடம் வைத்தால் வீக்கமும் எரிச்சலும் தணியும். நெடுநேரம் ஒத்தடம் கொடுத்துச் சூடேற்றுவதும், கட்டியைக் கரைப்பதாக எண்ணி அழுத்திப் பிசைவதும், துணியால் இறுகக் கட்டுவதும் கூடா. அவை வீக்கத்தைப் பெருக்கித் திசுக்களைப் புண்படுத்தும். தண்ணீரைக் குறைத்தால் பால் குறையும் என்று தாயைத் தாகத்தில் வாடவிடுவதும் பயனற்றது. வலி மிகுந்தால், வைத்தியரைக் கேட்டு உரிய மாத்திரை கொடுக்கலாம்.

இனி, இரண்டோர் நாட்களில் தீராமல், வாரக்கணக்கில் பால் மிகுந்துகொண்டேயிருக்கும் நிலையைப் பார்ப்போம். இதில் குழந்தைக்குப் பால் பீறிட்டு வந்து புரையேறும். இருமித் திமிறி மார்பை விட்டுவிடும். வயிற்றில் காற்றுச் சேரும். பச்சையாக நுரைத்து மலம் போவதும் உண்டு. தாய்க்கோ, கொடுத்து முடித்த சிறிது நேரத்திலேயே மறுபடி கனத்துவிடும்.

இங்கேதான் நல்லெண்ணத்தால் தீங்கு விளைகிறது. கனக்கிறதா, முழுவதும் எடுத்துவிடு என்கிறோம். இறைக்கிற கிணறு ஊறும் என்பது நம் பழமொழி. மார்பின் இயல்பும் அதுவே. எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவும் குழந்தைக்குத் தேவை என்று உடல் கணக்கு வைத்துக்கொண்டு, மறுநாள் அவ்வளவையும் சுரக்கிறது. நிறைந்து நிற்கும் மார்போ சுரப்பைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. இக்காலத்தில் பால் உறிஞ்சும் கருவிகள் வந்துவிட்டன. காரணமின்றி அவற்றால் ஒவ்வொரு வேளையும் வற்ற எடுத்துக் குளிர்ப்பெட்டியில் சேர்ப்பவர்கள், தம் வேதனையைத் தாமே வளர்த்துக்கொள்கிறார்கள்.

ஆகவே வலி தணியும் அளவுக்கு மட்டும் எடுத்து நிறுத்த வேண்டும். தாய் சாய்ந்து படுத்து, குழந்தையைத் தன்மேல் கிடத்திப் பால் கொடுத்தால், பாயும் வேகம் குறைந்து புரையேறாது. ஒரு பக்கத்தைக் குழந்தை குடித்து முடித்தபின்னரே மறுபக்கம் மாற்றலாம். பால் பெருகுவதற்கென்று கொடுக்கும் பத்திய உணவுகளை இவ்வேளையில் வற்புறுத்தித் திணிக்க வேண்டியதில்லை. அனேகருக்குச் சில வாரங்களில் சுரப்பும் தேவையும் ஒத்துப்போகின்றன. ஒரே பக்கத்தைப் பல மணி நேரம் தொடர்ந்து கொடுத்துச் சுரப்பைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதை வைத்தியரின் மேற்பார்வையில், குழந்தையின் எடையைக் கவனித்துக்கொண்டே செய்யவேண்டும்.

நம் நாட்டில் மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் வழக்கம் உண்டு. இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், பாலை வற்றச்செய்யும் மருந்து ஒன்றோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்து, 1988இல் வெளியிட்ட ஆய்வில், பால்கட்டைத் தணிப்பதிலும் பாலைக் குறைப்பதிலும் பூ அம்மருந்துக்கு இணையாக இருந்ததைக் கண்டார்கள். ஆனால் அது பாலை நிறுத்த வேண்டியவர்களுக்கு உரிய வழி. தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய்க்கு 4ஆம் நாளில் பூவைக் கட்டுவது, குழந்தையின் உணவைக் குறைப்பதாக முடியும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கத்தில் ஓரிடம் மட்டும் சிவந்து வலித்து, குளிர்சுரமும் உடல் நோவும் கண்டால், அது மார்பழற்சியாக இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் தணியாவிட்டாலும், அதற்குமுன் நோய் கடுமையானாலும், தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கவனியாமல் விட்டால் சீழ்க்கட்டியாக மாறக்கூடும். அந்நிலையிலும் தாய்ப்பால் குழந்தைக்குக் கேடன்று. பெரும்பாலும் பாலூட்டுவதைத் தொடரலாம்.

தன் குழந்தைக்குப் போக மிகுந்த பாலை வீணாக்க மனமில்லாத தாய்மார்களுக்கு ஒரு செய்தி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. உலகின் முதல் வங்கி 1909இல் வியன்னா நகரில் தோன்றியது. நம் நாட்டில் 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முதல் வங்கியைத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று இவை உள்ளன. கொடுப்பவரின் உடல்நலத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துத் தூய்மை செய்த பின்னரே குழந்தைகளுக்கு அளிக்கிறார்கள்.

பெரியவர்களே, இளந்தாய் ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால், எங்கள் காலத்தில் இதெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா என்று கேளாதீர்கள். வந்தவர்களை வெளித்திண்ணையில் அமர்த்திப் பேசிக்கொண்டிருங்கள். அவள் தனிமையில் அமைதியாகப் பாலூட்டட்டும். குளிர்ந்த துணியை நனைத்துக் கொடுங்கள்; செவிலியரை அழைத்து வாருங்கள். கட்டு தளர்வதற்குப் பெரும்பாலும் ஓரிரு நாட்களே ஆகும். அந்த நாட்களில் வீட்டார் கொள்ளும் பொறுமையே, குழந்தை மாதக்கணக்கில் தாய்ப்பால் பெறுவதை நிச்சயிக்கிறது.