நிணநீர்க் கணு அறிக்கை யாருக்காக?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பெரிய சத்திரசிகிச்சை கலேவெலயில் நடப்பதில்லை. கண்டிக்கோ மஹரகமவுக்கோ போய்ச் செய்துகொண்டு, பெண்கள் திரும்பி வருவது இங்கேதான். பெரிய வெங்காயப் பாத்திக்கும் நெல்வயலுக்கும். அதனாலேயே இந்தக் கருத்தரங்கு இங்கே கூடியது பொருத்தம்.

1898இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வெர்தைம் கருப்பையைச் சுற்றுத் திசுக்களோடு அகற்றியபோது, வீங்கித் தென்பட்ட நிணநீர்க் கணுக்களை மட்டும் எடுத்தார். இடுப்புக் கணுக்களை முழுமையாக அகற்றும் முறையை 1944இல் பொஸ்டனில் ஜோ மெய்க்ஸ் நிலைநிறுத்தினார். கல்கத்தாவின் சுபோத் மித்ரா வகுத்த சத்திரசிகிச்சை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இத்தனைக்குப் பிறகும், ஃபிகோ என்ற சர்வதேசக் கூட்டமைப்பு கணுப் பரவலை நோயின் படிநிலையில் சேர்த்தது 2018இல்தான். கட்டி எவ்வளவு சிறிதானாலும் இடுப்புக் கணுவில் நோய் இருந்தால் 3சி1. பெருநாடியோரக் கணுவரை ஏறியிருந்தால் 3சி2.

கழுத்தோடு நிற்பதாகத் தோன்றும் 1பி நிலையிலேயே, சத்திரசிகிச்சை பெறும் 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கு இடுப்புக் கணுவில் நோய் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிப்பது நோயியல் ஆய்வுகூட மேசையில். ஃபோர்மலினில் ஊறிய மஞ்சள் கொழுப்பை நிபுணர் விரலால் நெருடி, பயறளவுக் கணுவையும் தேடி எடுக்க வேண்டும். எடுத்ததை மெல்லிய துண்டங்களாக நறுக்க வேண்டும். நடுவில் ஒரே வெட்டோடு விட்டால், உறைக்கு அடியில் ஒதுங்கிய சிறு பரவல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். "கணுக்களில் நோயில்லை" என்ற ஒற்றை வரி எந்த வகையிலும் போதாது. நான்கு கணுக்களைப் பார்த்துச் சொன்னதா, இருபதைப் பார்த்துச் சொன்னதா?

அடுத்த சிகிச்சை அந்தப் பதிலில் தங்கியிருக்கிறது. கணுவிலோ வெட்டு விளிம்பிலோ பக்கத் திசுவிலோ நோய் இருந்தவர்களைப் பற்றி 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நான்கு ஆண்டு உயிர்வாழ்வு 71 சதவீதம். கீமோவும் சேர்ந்தபோது 81.

ஆனால் சத்திரசிகிச்சை, கதிர், கீமோ மூன்றும் ஒரே உடம்பில் இறங்குவது பெரும் பாரம். கணு வீங்கியிருப்பது ஸ்கானிலேயே தெரிந்தால், கத்தியை எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும். மும்பை டாட்டா நினைவு மையம் 635 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. கட்டி முற்றியவர்களுக்கு முதலில் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை என்று போனபோது, ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தோர் 69.3 சதவீதம். நேரே கீமோவும் கதிரும் பெற்றவர்களில் அது 76.7.

ஊர் திரும்பிய பெண்ணுக்குக் கணு போன பக்கத்துக் கால் மாதங்கள் கழித்தும் வீங்கலாம். வெறுங்காலோடு வயலில் இறங்கி, சிறு கீறல் பட்டாலே கால் சிவந்து காய்ச்சல் வரலாம். அதை முதலில் பார்ப்பவர் மருத்துவமாதுதான்; அவர் கையில் பெரும்பாலும் ஒரு விவரமும் இருப்பதில்லை. 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இந்தப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி கிடைக்கிறது. ஆனால் இன்று நாற்பதைக் கடந்த பெண்ணுக்குச் சுகவனிதையர் கிளினிக்கின் பாப் பரிசோதனையும், தவறினால் இந்தச் சிகிச்சையுமே கதி.

ஆகவே கருத்தரங்கின் முதல் அமர்விடம், தலைமை ஏற்ற நான் கேட்பது ஒன்றே. அகற்றிய கணுக்கள் எத்தனை, எந்தப் பக்கம், எத்தனையில் நோய், உறை தாண்டியதா என்ற நான்கையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு தாளை, கிளினிக் கொப்பியில் ஒட்டி அனுப்பும் படிவமாக மாலைக்குள் வரைந்து தர வேண்டும்.