பகிஷ்காரம் வேறு, பழிவாங்கல் வேறு



கடை வைத்திருப்பவனுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பாருண்டு. வாய் திறந்தால் வாடிக்கை போகும், அதிகாரத்திலிருப்போரைக் குறை கூறினால் உத்தரவுப்பத்திரமும் போகும் என்று அன்னார் அச்சுறுத்துவர். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதிலேதான் பிழை இருக்கிறது. இவ்வேறுபாட்டை நீதிமன்றங்கள் நன்கு அலசிய நாடு அமெரிக்கா. எனவே அங்கிருந்தே சான்று காட்டுவோம்.

மிசிசிப்பி மாநிலத்துப் போர்ட் கிப்சன் என்னும் சிற்றூரில், 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் பகிஷ்கரித்தனர். பள்ளிகளில் நிறப் பாகுபாடு ஒழிய வேண்டும், தம்மையும் மரியாதைச் சொல்லால் அழைக்க வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளிற் சில. வணிகர்கள் 1969இல் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் பன்னிரண்டரை இலட்சம் டொலர் நட்டஈடு விதித்தது. அமெரிக்காவின் உயர் நீதிமன்றமோ 1982இல் அத்தீர்ப்பைத் தள்ளியது. அமைதி வழியில் வாங்க மறுப்பது மக்களின் உரிமை. வன்செயலுக்கு மாத்திரம் அக்காப்பு இல்லை என்றது. வணிகருக்கு நட்டந்தான், ஆயினும், அவரவர் காசை எங்கே செலவிடுவதென்று அவரவரே தீர்மானித்தனர்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கன்சாஸ் மாநிலத்தின் வபான்சி மாவட்டத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்தகாரர் ஒருவர் இருந்தார். மாவட்டச் சபையார் மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தைக் கண்டித்து உள்ளூர்ப் பத்திரிகைகளில் எழுதி வந்தார். சபையார் 1991இல் அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்தினர். குப்பை ஒழுங்காக அள்ளப்பட்டதா என்பதன்று கேள்வி. அவர் எழுதியமைக்காகவே நிறுத்தினார்களா என்பதே கேள்வி. அரசாங்கத்தோடு ஒப்பந்தஞ் செய்தவன் தன் நாவை அதற்கு விற்றுவிடவில்லை என்பதே 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம். எழுவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். மேயரின் போட்டியாளருக்கு ஆதரவாகச் சுவரொட்டி வைத்த வாகன இழுவை நிறுவன உரிமையாளர் ஒருவருக்கும் அதே நாளில் அவ்வாறே தீர்ப்புக் கிடைத்தது.

சொன்ன கருத்து நமக்குப் பிடியாததாயின்? சோதனை அங்கேதான். 2012இல் சிக்-ஃபில்-ஏ உணவக நிறுவனத்தின் தலைவர் ஒருபாலார் திருமணத்தை எதிர்த்துப் பேசினார். எதிர்ப்பாளர் உண்ண மறுத்தனர். ஆதரவாளர் கூட்டங் கூட்டமாய்ச் சென்று உண்டனர். இரண்டும் தக்கனவே. ஆனால், சிக்காகோ நகரசபை உறுப்பினரொருவர் கடை திறக்க விடமாட்டேன் என்றபோது, அத்திருமண உரிமைக்காகப் போராடும் சிவில் உரிமைச் சங்கத்தாரே அது தவறு என்றனர். அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

வாங்குவோரின் பகிஷ்காரம் அனைத்தும் நியாயமானது என்று நாம் சொல்லவில்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், யாதொரு குற்றமுஞ் செய்யாத முஸ்லிம் வணிகர்களின் கடைகளை ஒதுக்குமாறு இந்நாட்டில் தூண்டப்பட்டது. அது ஒருவன் பேச்சுக்கு அளித்த மறுமொழியன்று. பிறப்புக்கு விதித்த தண்டனை. அதனைக் கண்டிக்கவே வேண்டும்.

நம் நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையையும் தொழில் செய்யும் உரிமையையும் பிரசைக்கு ஒருங்கே வழங்குகிறது. 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றஞ் செல்வது ஆட்சித்துறைச் செயலுக்கும் நிருவாகச் செயலுக்கும் எதிராகவே. வாங்க மறுத்த அயலவனுக்கு எதிராக அன்று. ஆகவே, மேடையிற் பேசியமைக்காகக் கடைக்காரருக்கு உத்தரவுப்பத்திரம் மறுக்கப்பட்டாலும், நீர்ப்பாசன ஊழலை எடுத்துரைத்தமைக்காகக் கமக்காரருக்குச் சேரவேண்டியது நிறுத்தப்பட்டாலும், காரணத்தை எழுத்திற் கேளுங்கள், கேட்டுவிட்டு வாளாவிருக்காதீர்கள். மனுச் செய்வதற்கு அவ்வுறுப்புரை தரும் தவணை ஒரு மாதமே.