ஒட்டுப் போட்ட இடம் தெரியட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படிச்சவனைப் பேசக் கூப்பிட்டா சிமெண்ட், கம்பி, கான்கிரீட்டுன்னு அறுப்பான் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று ஒரு பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம், பாட மாட்டேன். என் குரல்வளம் எப்படி என்பது என் பழைய ரூம்மேட்டுகளுக்குத் தெரியும்.

வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே விழா என்றால் தேசிய கீதம் உண்டு. முதல் தடவை கேட்டபோது ஒன்று உறுத்தியது. பாட்டு பாதி வழியில் வேறு பாட்டாக மாறிவிடுகிறது. மெட்டு மாறுகிறது, மொழி மாறுகிறது, சுருதிகூட மாறுகிறது. "என்னங்க இது, இரண்டு பாட்டை ஒட்டிப் போட்ட மாதிரி இருக்கே?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "இரண்டு பாட்டுத்தான் அது" என்றார். அந்த ஒட்டுக்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் பாட்டு, 'ங்கோசி சிகெலெலி ஆப்பிரிக்கா'. ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்கும்படி இறைவனை வேண்டும் பாட்டு. 1897-ல் ஈனோக் சொன்டோங்கா என்ற மிஷன் பள்ளி ஆசிரியர் இயற்றியது. பள்ளியில் பாடகர் குழு நடத்தியவர் அவர். பின்னால் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கம் 1912-ல் தொடங்கியபோது இதைப் பாடினார்கள். நிறவெறி ஆட்சிக் காலம் முழுவதும் கூட்டங்களிலும் சவ ஊர்வலங்களிலும் கறுப்பின மக்கள் பாடிய பாட்டு இதுதான்.

இரண்டாவது, 'டி ஸ்டெம்'. 1918-ல் லாங்கன்ஹோவன் என்ற ஆஃப்ரிக்கான்ஸ் மொழிக் கவிஞர் எழுதினார். 1921-ல் டி வில்லியர்ஸ் என்ற பாதிரியார் மெட்டமைத்தார். 1957-லிருந்து அதுதான் நாட்டின் ஒரே அதிகாரபூர்வ கீதம். ஆக, ஒரு வீட்டில் தாலாட்டு மாதிரி கேட்ட பாட்டு, பக்கத்து வீட்டில் போலீஸ் வண்டிச் சத்தம் மாதிரி கேட்டது.

1992 ஆகஸ்ட் 15 அன்று ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நியூசிலாந்துடன் ரக்பி ஆட்டம். 'டி ஸ்டெம்' போடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தார்கள். மௌன அஞ்சலி நேரத்தில் கூட்டம் அதையே பாடியது. ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டார்கள். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்டில் அது பெரிய காயம்.

1994-ல் மண்டேலா ஆட்சிக்கு வந்தார். இரண்டு பாட்டுக்கும் சம அந்தஸ்து தரப்பட்டது. அவருடைய கட்சியின் நிர்வாகக் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஒரு கூட்டத்தில் அவர் தொலைபேசிக்காக வெளியே போன நேரம் பார்த்து, 'டி ஸ்டெம்'மை நீக்கிவிடலாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று ஜான் கார்லின் என்ற பத்திரிகையாளர் எழுதியிருக்கிறார். திரும்பி வந்த மண்டேலா கடிந்துகொண்டார். அந்த முடிவு நிற்கவில்லை. இருபத்தேழு வருடம் சிறையில் இருந்தவர், சிறையில் அடைத்தவர்களின் பாட்டுக்காக வாதாடினார் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். இரண்டையும் பாடி முடிக்க ஐந்து நிமிடம்வரை ஆனது. அதனால் இரண்டையும் இணைத்து ஒன்றாக்க ஒரு குழுவை மண்டேலா அமைத்தார். தலைவர், ஜூலு மொழியில் பெரும் இசைப் படைப்புகள் தந்த மசிலிகாசி குமாலோ. ஜீன் ஸைடல்-ருடால்ஃப் என்ற பெண் இசையமைப்பாளர், ரிச்சர்ட் காக் என்ற வாத்தியக்குழு நடத்துநர், இசையறிஞர் காபி ம்ங்கோமா, கவிஞர்கள் மசிசி குனேனே, வாலி செரோட்டே, டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிப் போராளி ஃபாத்திமா மீர் என்று பலரும் இருந்தார்கள். மண்டேலா வைத்த நிபந்தனை: 1 நிமிடம் 48 விநாடிக்கு மேல் போகக் கூடாது! மற்ற நாட்டு கீதங்களின் சராசரியாம். நம்ம பாஷையில் சொன்னால், ஸ்பெசிஃபிகேஷன் கொடுத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். ஐந்து நிமிடத்தை இரண்டு நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமானால் வெட்ட வேண்டும். யாருடையதை வெட்டுவது?

'டி ஸ்டெம்'மின் முதல் நான்கு வரிகள் வானம், கடல், மலை என்று நாட்டின் இயற்கையைப் பாடுபவை. அதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. அடுத்து மாட்டு வண்டிகள் வருகின்றன. வண்டிகள்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவை 1830-களில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் கேப் பகுதியை விட்டு உள்நாட்டுக்குள் புறப்பட்ட போயர் குடும்பங்களின் வண்டிகள். அவர்களுக்கு அது விடுதலைப் பயணம். அந்த வண்டிகள் போய் நின்ற நிலத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு? 1838 டிசம்பரில் அந்தப் பயணக்காரர்களுக்கும் ஜூலு படைக்கும் நடந்த சண்டையில் ஆற்றுத் தண்ணீர் சிவந்தது. 'இரத்த ஆறு' என்றே அந்தச் சண்டைக்குப் பெயர். குமாலோவும் குனேனேயும் ஜூலுக்காரர்கள். எப்படிங்க அவர்கள் அந்த வண்டியைப் பாடுவார்கள்?

அது மக்களில் ஒரு பகுதியினரின் அனுபவம் மட்டுமே என்று சொல்லி அந்தப் பகுதியை நீக்கச் சொன்னது குழு. கவனியுங்கள், 'பொய்' என்று சொல்லவில்லை, 'கேவலம்' என்றும் சொல்லவில்லை. எல்லாருடையதும் அல்ல என்றார்கள். அவ்வளவுதான்.

வெட்டு ஒரு பக்கம் மட்டும் விழவில்லை. 'ங்கோசி'யில் ஆவியை இறங்கி வரச் சொல்லி அழைக்கும் பகுதியும் போயிற்று. ஆனால் சோத்தோ மொழியில், நாட்டைக் காப்பாற்று, போர்களையும் துன்பங்களையும் முடித்து வை என்று வேண்டும் பகுதி வந்தபோது, இதைச் சுருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார் குமாலோ. தலைவரே பிடிவாதம் பிடித்தார். அது அப்படியே நிற்கிறது. முடிவில் நாட்டுக்காக வாழ்வதையும் சாவதையும் பற்றிப் பழைய பாட்டு செய்த சபதத்துக்குப் பதிலாக, ஒன்றுசேர அழைக்கும் நான்கு ஆங்கில வரிகளை ஸைடல்-ருடால்ஃப் எழுதினார். ஆக மொத்தம் ஐந்து மொழிகள்: கோசா, ஜூலு, சோத்தோ, ஆஃப்ரிக்கான்ஸ், ஆங்கிலம். 1997 பிப்ரவரியில் நாடாளுமன்றத் தொடக்கத்தில் பாடினார்கள். அக்டோபர் 10-ம் தேதி அரசிதழில் வந்தது.

இப்போது அந்த ஒட்டுக்கு வருகிறேன். முதல் பாதி ஜி மேஜர். இரண்டாம் பாதி டி மேஜர். நம் கணக்கில், முதல் சுருதியின் பஞ்சமமே அடுத்த பாட்டின் ஷட்ஜம் ஆகிறது. நம் கச்சேரியில் இப்படிச் செய்தால் தம்புராக்காரர் எழுந்து போய்விடுவார்! ஒரே சுருதியில் முழுப் பாட்டையும் அமைப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாததல்ல. இசையமைப்பில் டாக்டர் பட்டம் பெற்றவர். நடுவே ஒரு சின்ன இணைப்பிசையை மட்டும் வைத்தார். இது ஒரு பாட்டு, அது ஒரு பாட்டு என்பது காதுக்குத் தெரிகிறது.

நீளமான கட்டடத்தில் நடுவே இடைவெளி விட்டு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் வைப்போம். வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், விரிசல் விட்டுட்டீங்க" என்பார். அது விரிசல் அல்ல, விரிசல் வராமலிருக்க விட்ட இடம். வெயிலில் ஒரு பக்கம் நீளும், மறுபக்கம் நீளும், அதற்கு இடம் வேண்டும். அழகுக்காக அதைப் பூசி மறைத்தால் அடுத்த கோடையில் பூச்சு தானாகப் பிளந்துகொள்ளும்.

எல்லாரும் திருப்தி அடைந்தார்களா என்றால், இல்லை. 2014-ல் ஸ்டீவ் ஹாஃப்மெயர் என்ற பாடகர் ஒரு கலைவிழாவில் பழைய 'டி ஸ்டெம்'மைப் பாட, கூட்டமும் சேர்ந்து பாடியது, பெரிய சர்ச்சை. மறுபுறம், 2013-ல் தொடங்கிய ஒரு கட்சி 'டி ஸ்டெம்' பகுதியையே எடுத்துவிடச் சொல்கிறது. டர்பனில் எனக்குப் பழக்கமான ஒரு தமிழ்ப் பெரியவர், 1860-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு மதராஸிலிருந்து கப்பல் ஏறியவர்களின் வழிவந்தவர், என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்: "முதல் பாதியை நல்லா பாடுவேன். அந்த நாலு வரி வரும்போது வாயை மூடிக்குவேன். என் பேத்தி முழுசாப் பாடுவா." தாத்தா மூடிக்கொண்ட இடத்தில் பேத்தி பாடுகிறாள். இதைவிட வேறு என்ன வேண்டும் ஒரு பாட்டுக்கு?

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது சிலருக்குப் புரிந்திருக்கும். இன்று காலை நம் கல்லூரிப் பாட்டை வெறும் வாத்தியத்தில் வாசித்து முடித்துக்கொண்டார்கள். சீனியர் கலைஞர்களும் மாணவர் இசைக்குழுவும் சேர்ந்து புதுப்பிப்பதாக இருந்த பாட்டு. 1965 போருக்குப் பிறகு எழுதப்பட்டதால் அதில் போர்முனை உண்டு, வாளேந்தும் மைந்தர் உண்டு. என்.சி.சி. சீருடையில் நின்று அதைப் பாடிய அண்ணன்மாருக்கு அந்த வரி உயிர். இன்று வகுப்பில் பாதிப்பேர் மாணவிகள். "நாங்க எங்க சார் இருக்கோம் இந்தப் பாட்டுல?" என்று கேட்கிறார்கள். ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். ஒரு மூத்தவர் நன்கொடைச் செக்கைத் திருப்பிக் கேட்டதாகவும் கேள்வி.

அண்ணன்மாரே, உங்கள் வரி பொய் என்று யாரும் சொல்லவில்லை. அது எல்லாருடையதும் அல்ல என்கிறார்கள். தம்பி, தங்கைகளே, பழசு என்பதற்காக முழுப் பாட்டையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த வரியைச் சுருக்கவே முடியாது என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். அதை அப்படியே வைத்து, அதன் பக்கத்தில் உங்களுடையதை உங்கள் மெட்டிலேயே வையுங்கள். சுருதி மாறினால் மாறட்டும். ஒட்டு தெரிந்தால் தெரியட்டும். கீபோர்டு தம்பி இந்த அரங்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறான் என்று சொன்னார்கள். தம்பி, சாப்பிட்டுவிட்டு அந்த அண்ணனைப் போய்ப் பார். அவர் செக்கைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன்.